பொதுசன அபிப்பிராயத்தை அறிதல்: உள்ளுணர்வா, ஆராய்ச்சியா?

அரசாயினும், ஆலையாயினும், ஆலயமாயினும், கல்லூரியாயினும், பலரை நம்பி நடைபெறும் நிறுவனம் எதுவும் அப்பலரின் நல்லெண்ணத்தாலேயே நிலைபெறுகின்றது. அந்நல்லெண்ணத்தைத் தேடுதலும், தேடியதைக் காத்தலும் பொதுசனத் தொடர்பு எனப்படும். இத்தொழிலைப் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தல், விழா எடுத்தல், விளம்பரம் செய்தல் என்ற அளவிற் கருதுவோர் பலர். அவையெல்லாம் பின்னர் நிகழ்வன. முதற்கண் வேண்டப்படுவது மக்கள் யாது எண்ணுகின்றனர் என்பதை அறிதலாகும். அதனை அறியாது மக்களிடம் பேசப் புகுபவர் நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியரை ஒப்பர்.

அறியும் வழிகள் இரண்டு. ஒன்று உள்ளுணர்வு. பல்லாண்டு பழகிய ஒருவர், "எங்கள் சனத்தை நான் அறிவேன்" எனத் தம் மனத்தையே சான்றாகக் கொண்டு முடிவு செய்வது அது. மற்றது ஆராய்ச்சி. மக்களை முறைப்படி வினாவி, விடைகளைத் தொகுத்து, எண்ணி, முடிவு காண்பது இது. இவ்விரண்டனுள் எதனை நம்புதல் தகும்? கடந்த நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா பலமுறை பரீட்சிக்கப்பட்டது. அந்நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. குறிப்பறிதலும் ஒற்றாடலும்

தமிழ் கற்றார்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. திருக்குறளிற் 'குறிப்பறிதல்' என்னும் பெயருடன் இரண்டு அதிகாரங்கள் உள. பொருட்பாலில் உள்ளது 71 ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் உள்ளது 110 ஆம் அதிகாரம். ஒருவர் வாய்திறவாதிருக்கவும் அவர் முகத்தையும் கண்ணையும் நோக்கி அகத்தை உணரும் ஆற்றலை வள்ளுவர் மிக உயர்த்திக் கூறுகின்றார். இஃது உள்ளுணர்வின் சிறப்பு.

ஆயினும் நாட்டு மக்களின் நிலையை அரசன் அறிதற்கு வள்ளுவர் அதனைப் போதுமெனக் கொண்டிலர். அதற்கென 'ஒற்றாடல்' என்னும் 59 ஆம் அதிகாரத்தை வேறாக வகுத்தார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆளுதல் வேண்டும் என்பதும், மூவர் கொணர்ந்த செய்தி ஒத்த வழியே அதனைத் தெளிதல் வேண்டும் என்பதும் அவர் கூறும் விதிகள். தனித்தனியே கேட்டல், ஒன்றை மற்றொன்றால் ஒத்துப் பார்த்தல் என்னும் இரண்டும் இன்றைய ஆராய்ச்சி முறைக்கும் அடிப்படையாவன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் வெளிப்படை. குறிப்பறிதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். பொதுசனத்துக்கோ ஒரு முகம் இல்லை. இலட்சக்கணக்கான முகங்களுள் நாம் காண்பன நம்மை அடுத்து நிற்கும் சில முகங்களே.

2. உள்ளுணர்வு எங்கே செல்லும்?

உள்ளுணர்வை வெறும் ஊகமெனத் தள்ளிவிடுதல் முறையன்று. அநுபவமுள்ள தீயணைப்பு வீரர், எரியும் வீட்டினுள் நின்று, கூரை விழப்போகின்றது என்பதைக் காரணம் சொல்ல அறியுமுன்னரே உணர்ந்து வெளியேறுவர். இத்தகைய உணர்வை வியந்து ஆராய்ந்தவர் கெரி கிளைன் என்னும் உளவியலாளர். உள்ளுணர்வின் பிழைகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர் டானியல் கானமன். எதிரெதிர் நிலையினின்ற இவ்விருவரும் கூடி 2009 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினர். உள்ளுணர்வை நம்புதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பது அவர்கள் ஒருப்பட்ட முடிவு. முதலாவது, ஆராயப்படும் பொருள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாயிருத்தல். இரண்டாவது, செய்த முடிவு சரியா பிழையா என்பது விரைவிலும் தெளிவாகவும் தெரியவருதல்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இவ்விரண்டும் உண்டு. மாணவனுக்குப் பாடம் விளங்கிற்றோ இல்லையோ என்பதை அவன் கண் அக்கணமே கூறும். அடுத்த வினா அதனை உறுதிப்படுத்தும். ஆகவே ஆண்டுதோறும் அவருடைய உணர்வு கூர்மையடைகின்றது. ஆனாற் பொதுசனத்தைப் பற்றித் தீர்ப்புச் செய்பவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் தவறினாலும் அத்தவறு பல மாதங்கள் கழித்தே வெளிப்படும். வெளிப்பட்டாலும் காரணம் வேறெனச் சொல்லித் தப்பலாம். எனவே நாற்பது ஆண்டு அநுபவம் அவருடைய துணிவை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மற்றுமொரு குறை மனித மனத்தின் இயல்பிலேயே உள்ளது. நம்மைப் போலவே பிறரும் எண்ணுவர் என நாம் கருதுகின்றோம். 1977 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லீ றொஸ் என்பாரும் அவர் துணைவரும், விளம்பரப் பலகையொன்றை உடலில் மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக வளவினுட் சுற்றி வருதற்கு இசைவீரோ என மாணவரை வினாவினர். இசைந்தவர், மற்றையோருள்ளும் 62 வீதத்தினர் இசைவர் என மதிப்பிட்டனர். மறுத்தவரோ 67 வீதத்தினர் மறுப்பர் என மதிப்பிட்டனர். இரு சாராரும் பொதுசனத்தை அறிந்ததாக எண்ணித் தம்மையே கண்டனர்.

3. கேட்டதைச் சோதியாமை: லட்லோ

பொதுசனத் தொடர்புத் தொழிலின் முன்னோருள் ஒருவர் ஐவி லீ. பத்திரிகைகட்கு உண்மையை ஒளியாது கொடுப்போம் என 1906 இல் ஒரு கொள்கைப் பிரகடனம் வெளியிட்டவர் அவர். தம் தொழிலை ஒரு கலை எனக் கருதியவருமாவர்.

1914 ஏப்பிரல் 20 இல், கொலறாடோ மாநிலத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த கூடார முகாம் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. கூடாரமொன்றின் கீழ்த் தோண்டிய குழியில் ஒளித்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சடைத்து இறந்தனர். அங்கிருந்த சுரங்கக் கம்பனிகளுட் பெரியது றொக்கபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. இளைய யோன் றொக்கபெல்லரோ பத்தாண்டுகளாக அப்பகுதிக்குச் சென்றிலர். தொழிலாளர் மனநிலையைப் பற்றி முகாமையாளர் எழுதி அனுப்பியதையே அவர் அறிந்திருந்தார்.

நாடெங்கும் கண்டனம் எழுந்தபோது ஐவி லீ அமர்த்தப்பட்டார். அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களிற் பிழைகள் பல இருந்தன. தொழிற்சங்கத் தலைவர் பெற்ற ஊதியம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டது. கைத்தொழில் உறவு பற்றிய விசாரணைக் குழுவின் முன் 1915 இல் அவர் சாட்சியமளித்தார். சுரங்க உரிமையாளர் தரப்பினர் தந்த தகவல்களைத் தாம் வேறாகச் சோதித்திலர் என்பது அப்பொழுது வெளிப்பட்டது. கலையிற் குறைவற்றவராயினும் ஒற்றொடு ஒற்றை ஒத்துப் பாராமையால் அவர் பெயர் மாசுற்றது.

1915 செப்ரெம்பரில் றொக்கபெல்லர் தாமே கொலறாடோவுக்குச் சென்றார். பிற்காலத்திற் கனடாவின் பிரதமரான மக்கென்சி கிங் உடன் சென்றார். இருவரும் சுரங்கங்களுள் இறங்கினர்; தொழிலாளர் வீடுகட்குச் சென்றனர்; அவர்தம் முறைப்பாடுகளை நேரிற் கேட்டனர். அதன்பின் தொழிலாளர் பிரதிநிதித்துவத் திட்டமொன்று ஏற்கப்பட்டது. அத்திட்டம் உண்மையான தொழிற்சங்கத்துக்கு ஈடாகாது எனத் தொழிற்சங்கத்தார் கூறியதும் உண்மையே. எனினும், அமைதி திரும்புதற்குப் பிரசுரங்கள் செய்யாத உதவியைக் காது கொடுத்துக் கேட்டமை செய்தது.

4. ஒரு கோடிச் சீட்டும் ஐம்பதினாயிரம் பேட்டியும்

இனி, ஆராய்ச்சி எனப் பெயர் பெற்றன யாவும் ஆராய்ச்சியாகுமோ என்பதை நோக்குவோம்.

'லிற்றரறி டைஜெஸ்ற்' என்னும் அமெரிக்க வார இதழ், 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு சனாதிபதித் தேர்தல்களிலும் வெல்பவரை முன்னரே சரியாகச் சொல்லிற்று. 1936 இல் அது ஏறத்தாழ 1 கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை நிரப்பப்பெற்று மீண்டன. லாண்டன் 57 வீதம் பெற்று வெல்வார் என அவை காட்டின. நடந்ததோ வேறு. றூஸ்வெல்ற் ஏறத்தாழ 61 வீத வாக்குகளைப் பெற்று, அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46 இல் வெற்றியடைந்தார். 1938 இல் அவ்விதழ் மறைந்தது.

அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பவர், 50,000 பேரளவில் வினாவி, றூஸ்வெல்ற் வெல்வார் என்றார். அவர் சொன்ன வீதமும் சிறிது குறைவே. ஆயினும் வெல்பவரைச் சரியாகச் சொன்னார். அதனினும் வியத்தற்குரியது, டைஜெஸ்ற் தன் சீட்டுகளை அனுப்பத் தொடங்குமுன்னரே, லாண்டனுக்கு 56 வீதம் என்னும் பிழையான முடிவை அது காணும் என அவர் கூறியதாகும்.

டைஜெஸ்ற் பெயர்களைத் திரட்டியது பெரும்பாலும் தொலைபேசி அட்டவணைகளிலும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலும் இருந்து. பொருளாதார மந்தத்தால் நாடு நலிந்த அக்காலத்தில் அவ்விரண்டும் வசதியுடையார்க்கே உரியன. றூஸ்வெல்ற்றை ஆதரித்த ஏழை மக்களின் பெயர்கள் அவற்றுட் குறைவு. இது நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணம். மற்றொரு காரணமும் உண்டு. 1937 இல் எடுத்த ஒரு கணிப்பின் விடைகளைப் பெவெறில் ஸ்குவயர் என்னும் அறிஞர் 1988 இல் மீள ஆராய்ந்தார். சீட்டுப் பெற்றவர் அனைவரும் விடையனுப்பியிருப்பின், அவ்விதழ்கூட வெல்பவரைச் சரியாகச் சொல்லியிருக்கும் என அவர் கண்டார். மாற்றம் வேண்டிச் சினந்திருந்தோர் சீட்டை நிரப்பி அனுப்பினர். நிறைவோடிருந்தோர் பலர் வாளாவிருந்தனர்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழியை இங்கே நினைத்தல் தகும். பழமொழி உண்மையே, ஆனாற் பானையைக் கிண்டிவிட்டு எடுத்த சோறாக அஃது இருத்தல் வேண்டும். கிண்டாத பானையின் மேற்பரப்பிலிருந்து அகப்பை அகப்பையாக அள்ளினாலும் அடிச்சோற்றின் பதம் தெரியவராது. எழுமாறாக எடுத்த 1,000 பேரின் விடை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, நாட்டு மக்கள் அனைவரின் விடையினின்றும் 3 வீதத்துக்கு மேல் விலகாது என்பது கணிதம் கூறும் உண்மை. 23 இலட்சம் விடைகள் தராத அறிவை இந்த 1,000 விடைகள் தருதல் இதனாலேயாகும்.

5. புறக்கடை வழியே நுழைந்த உள்ளுணர்வு

1936 இல் வென்ற கலப் 1948 இல் தோற்றார். கலப், றோப்பர், குறொஸ்லி என்னும் மூவரும் டூயி வெல்வார் என்றனர். கலப் கூறிய வீதங்கள் டூயிக்கு 49.5, ட்றூமனுக்கு 44.5. முடிவோ ஏறத்தாழ மறுதலையாயிற்று. 'சிக்காகோ டெயிலி றிபியூன்' பத்திரிகை, அச்சுக் கோப்போர் வேலைநிறுத்தத்தால் முன்னதாகவே அச்சேற வேண்டியிருந்தமையின், தன் மூத்த நிருபரின் மதிப்பீட்டை நம்பி, டூயி ட்றூமனைத் தோற்கடித்தார் என நவம்பர் 3 ஆம் நாட் பதிப்பில் தலைப்பிட்டது. அப்பத்திரிகையை ட்றூமன் நகைத்தபடி உயர்த்திக் காட்டும் புகைப்படத்தை அறியாதார் சிலரே.

தவறு யாது? சமூக விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் அமைத்த குழுவொன்று 1949 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டது. அதனாற் பெறப்படும் காரணங்களுள் இரண்டு நமக்கு வேண்டியவை. வினாவச் செல்பவர் இத்தனை ஆண், இத்தனை பெண், இன்ன வயதினர், இன்ன வருவாயினர் எனக் கணக்குக் கொடுத்து அனுப்பப்பட்டனர். ஆனால் அக்கணக்குக்குள் யாரை வினாவுவது என்பது அவர்தம் விருப்புக்கே விடப்பட்டது. அவர்களும் மனிதரன்றோ? இன்முகத்தோடு கதவு திறப்பவரையும், அணுகுதற்கு எளியவரையும் நாடினர். ஆராய்ச்சி என்னும் வீட்டினுள் உள்ளுணர்வு புறக்கடை வழியே நுழைந்தது.

இரண்டாவது, வினாவுதலை அவர்கள் முன்கூட்டியே நிறுத்தியமை. தேர்தற் பிரசாரத்தால் மக்கள் மனம் பெரிதும் மாறுவதில்லை என நம்பிய றோப்பர், செப்ரெம்பர் தொடக்கத்திலேயே போட்டி முடிந்துவிட்டது என அறிவித்தார். ட்றூமனோ புகைவண்டியில் நாடெங்குஞ் சுற்றிச் சிற்றூர் நிலையங்களிலும் பேசிக்கொண்டிருந்தார். மக்கள் மனம் இறுதி வாரங்களில் மாறியது. அதனைக் கேட்பார் இல்லை.

இதன்பின்னரே யாரை வினாவுவது என்பதை வினாவுவோர் விருப்பினின்றும் நீக்கும் முறை வலுப்பெற்றது. இதனுட்பொருளைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுப்பவன் மனம் எதனிலும் சாராதிருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கோவிலிற் போடும் திருவுளச்சீட்டும் அத்தகையதே.

6. வினாவின் சொல்லும் வினாவாத பொருளும்

ஆட்களைச் சரியாகத் தெரிந்தாலும் வினா பிழைப்பின் விடையும் பிழைக்கும். 1941 இல் டொனால்ட் றக் என்பார் ஒரு சோதனையை வெளியிட்டார். சனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அநுமதிக்கலாமோ என ஒரு சாராரை வினாவியபோது, கருத்துக் கூறியோருள் 75 வீதத்தினர் அநுமதிக்கலாகாது என்றனர். அப்பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமோ என மற்றொரு சாராரை வினாவியபோது, 54 வீதத்தினரே ஆம் என்றனர். அநுமதியாமையும் தடை செய்தலும் செயலளவில் ஒன்றே. ஆயினும் 'தடை' என்னும் சொல்லின் கடுமை ஐந்திலொரு பங்கினரைப் பின்வாங்கச் செய்தது. சொல்லின் பொருளோடு அதன் சாயலையும் ஆராய்தல் இலக்கிய மாணவர்க்கு மட்டும் உரிய கடமையன்று என்பது இதனாற் பெறப்படும்.

வினாவாது விட்ட பொருளால் வந்த கேட்டிற்குக் கொக்கா கோலாக் கம்பனியின் வரலாறு சான்று. அக்கம்பனி ஏறத்தாழ 2 இலட்சம் பேருக்குப் பெயர் கூறாது பானங்களைச் சுவைக்கக் கொடுத்து வினாவியது. பழையதிலும் புதிய கலவையையே மிகுதியானோர் விரும்பினர். ஆகவே 1985 ஏப்பிரல் 23 இற் புதியதை அறிவித்துப் பழையதை நிறுத்திற்று. நாள்தோறும் நூற்றுக்கணக்காகவும் பின் ஆயிரத்துக்கு மேலாகவும் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. 79 நாள்கள் கழிந்து, யூலை 11 இல், பழையதை மீண்டுந் தருவதாகக் கம்பனி அறிவித்தது. ஆராய்ச்சி பொய் சொல்லவில்லை. நாவுக்கு எது இனிது என்ற வினாவுக்கு மெய்யான விடையையே அது தந்தது. தம் தந்தையர் காலத்துப் பொருள் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டால் மனம் யாது சொல்லும் என்பதே வினாவப்படவேண்டியது. சுவைத்தவர்க்கு அது தெளிவாக உணர்த்தப்படவில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு மனிதரைப் பழகி அறிந்த உள்ளுணர்வு வேண்டும்.

7. இரண்டிற்கும் உரிய இடம்

மேற்கூறியவற்றால், உள்ளுணர்வையும் ஆராய்ச்சியையும் பகையாக நிறுத்துதல் தவறு என்பது விளங்கும். அவை முன்பின்னாக நிற்கவேண்டியன. எதனை வினாவவேண்டும், எச்சொல்லால் வினாவவேண்டும், எந்த மௌனத்தின் பின்னே துயர் உளது என்பவற்றை உணர்த்துவது உள்ளுணர்வு. எத்தனை பேர், எவ்வெவர், எவ்வளவு உறுதியாக அவ்வாறு எண்ணுகின்றனர் என்பவற்றை எண்ணிக் காட்டுவது ஆராய்ச்சி. எண்ணிய பின் அதன் பொருள் யாதென உரைப்பதற்கு மீண்டும் உள்ளுணர்வு வேண்டும். உள்ளுணர்வு வினாவை எழுப்பலாம். விடையையும் தானே எழுதிக்கொள்ளல் ஆகாது.

இறுதியாக ஒன்று. மக்கள் மனத்தை அறிதல் வேறு. அதற்கு அடங்கிப்போதல் வேறு. பெரும்பான்மையோர் விரும்புவது எதுவோ அதுவே அறம் என ஆராய்ச்சி கூறுவதில்லை. நோயாளியின் விருப்பை வைத்தியர் கேட்டறிய வேண்டும்; ஆயினும் மருந்தைத் தீர்மானிப்பது அவர் கடன்.

8. நம் போன்றார்க்கு

பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலைகளும் இதனாற் கொள்ளத்தக்க பயன் உண்டு. சங்கமொன்று தான் திரட்டிய பெருந்தொகையால் மண்டபம் எழுப்புவதோ, ஆய்வுகூடத்தைத் திருத்துவதோ, வறிய மாணவர்க்கு உதவிநிதி வைப்பதோ எனத் தீர்மானிக்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தோர் கைகளை எண்ணுவது எளிது. வாட்ஸ்அப் குழுவிற் கருத்துக் கேட்பது அதனினும் எளிது. ஆனால் கூட்டத்துக்கு வருவோர் யாவர்? குழுவில் எழுதுவோர் யாவர்? கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் நன்னிலையில் இருப்போர் குரல் அங்கே ஓங்கும். சாதாரண தரப் பரீட்சையோடோ அதற்கு முன்போ கல்லூரியை விட்டு உழைக்கப் போனவர் பெயர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலிலேயே இல்லாதிருக்கலாம். உதவிநிதியின் அருமையை அவரினும் நன்கறிந்தார் யார்? டைஜெஸ்ற்றுக்குத் தொலைபேசி அட்டவணை எத்தகையதோ, நமக்கு அங்கத்தவர் பட்டியல் அத்தகையது.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. கல்லூரியின் சேர்வு இடாப்பை எடுத்து, திருவுளச்சீட்டால் ஒரு தொடக்கத்தைத் தெரிந்து, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது அல்லது இருபதாவது பெயரைக் குறித்துக்கொள்ளலாம். இவ்வாறு 100 பேரைத் தேடிக் கேட்டால் விடை 10 வீதம் அளவிலும், 400 பேரைக் கேட்டால் 5 வீதம் அளவிலும் பிழைக்கக்கூடும்; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அதற்கு மேலன்று. விடை தாராதவரை இருமுறை மும்முறை தேடிச் செல்லவேண்டும். அவரை விட்டு விருப்போடு வருபவரைச் சேர்த்தல் கூடாது. வினாக்களை முதலிற் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, சொற்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று கற்கும் மாணவரையும், அவர்தம் பெற்றோரையும், ஆசிரியரையும் தனித்தனியே வினாவி, மூன்று விடைகளையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். உயர்தர வகுப்பிற் கணிதமும் பொருளியலும் கற்கும் மாணவர் இதனைத் தம் செயற்றிட்டமாகவே மேற்கொள்ளலாம். அவர்க்குக் கல்வியும் ஆகும், கல்லூரிக்குத் தொண்டும் ஆகும்.

விழாக்காலத்திற் கல்லூரியின் புகழை எடுத்துரைப்போர் பலர் உளர். அக்கல்லூரியிடம் ஊரார் எதிர்பார்ப்பது யாது என அமைதியாகக் கேட்டறிபவரும் சிலர் வேண்டும். கேட்டறிந்தபின் செய்யப்படும் தொண்டே கொள்வார்க்குப் பயனும் கொடுப்பார்க்கு நிறைவும் தருவதாகும்.